பஸ் டிப்போ வரைக்கும்

அன்பு பாப்பாவுக்கு அம்மா எழுதறது. நீ அங்கே சுகமா இருப்பேங்கிற நம்பிக்கையில எழுதறேன், இங்கே நாங்க ரெண்டு பேரும் சுகம்தான், இது நானா சொல்றது இல்லை, போன வாரம் டாக்டர் ரெண்டு பேரையும் பார்த்துட்டுச் சொன்னது, அதனால நீ நம்பலாம். தினம் போன்ல பேசிக்கிட்டுத்தானே இருக்கோம், இதென்ன திடீர்னு லெட்டர்னு உனக்குத் தோணும். போன்ல பேசுறப்ப உங்கப்பா நாற்காலியை இழுத்துப் பக்கத்துல போட்டு உக்காந்துக்கறார், நான் பாதி சொல்றதுக்குள்ள மீதியை அவரே சொல்லி முடிச்சிடறார். அதுவும் இல்லாம உன் முகத்தைப் பார்த்துக்கிட்டே சில விஷயம் எனக்குச் சொல்ல வராது. எழுதினா வரும் போல இருக்கு. பதறாம உக்காந்து படி, பதறுற மாதிரி இப்ப ஒண்ணும் இல்லை.

உங்கப்பாவுக்கு நெஞ்சடைப்பு எடுத்து ஸ்டென்ட் வெச்சு வீட்டுக்கு அனுப்பினப்ப நீ கூட இருந்தே. உன் லீவு முடிஞ்சு நீ கிளம்பினதும்தான் அவர் ஆட்டம் ஆரம்பிச்சது. ஆட்டம்னா ஆடவே இல்லை, அதுதான் ஆட்டம். நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டார். டாக்டர் எவ்வளவு பொறுமையா சொன்னார், மாத்திரை ஒரு பக்கம் வேலை செய்யும், மீதி வேலையை உங்க கால்தான் செய்யணும், தினம் நடங்க, முதல்ல வீட்டுக்குள்ள, அப்புறம் தெருவுல, போகப்போகத் தூரத்தைக் கூட்டுங்க, நடந்துக்கிட்டே பேச முடியணும் ஆனா பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம்னார். உங்கப்பா அதுக்கு, எனக்கு உக்காந்துக்கிட்டே பாட வராதே, அப்ப நான் வேகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டார். டாக்டர் சிரிச்சார். நான் அங்கே சிரிச்ச மாதிரி வெச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்ன நியாயத்தைக் கேளு. வாழ்நாள் பூரா லிப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன் இல்லையா, எல்லாத்துக்கும் லிப்ட்தான் உதாரணம். ஒவ்வொரு ரோப்புக்கும் இவ்வளவு ஓட்டம்னு ஒரு ஆயுசு இருக்காம், நெஞ்சும் அப்படித்தானாம், இருக்கிற ஓட்டத்தை வெட்டியா தெருவுல போய் ஏன் செலவு பண்ணணுமாம். அவரோட வேலை பார்த்த ஸ்பேனர் மாமா ஒரு நாள் பார்க்க வந்தவர், அண்ணே நீங்களே சொல்வீங்களே, பூட்டி வெச்ச லிப்ட்டுதான் முதல்ல கெட்டுப் போகும், கிரீஸ் இறுகிடும் ரோப் துருப்பிடிச்சிடும்னு, இப்ப அதையே மறந்துட்டீங்களான்னு கேட்டார். கேட்டதுக்கு உங்கப்பா, ரிப்பேர் பார்த்த லிப்ட்டை நான் என்னிக்காவது மறுநாளே ஓட விட்டிருக்கேனான்னு பதில் சொன்னார். பிடிச்ச முயலுக்கு மூணு கால். மாமா டீயைக் குடிச்சிட்டு, மூணு மாடிப் படி இறங்கிப் போனார். ஊருக்கெல்லாம் லிப்ட் மாட்டினவர் வீட்டுக்கு லிப்ட் இல்லைங்கிறது மாமாவுக்கு எப்பவும் ஒரு சிரிப்பு.

உள்ளுக்குள்ள உங்கப்பாவுக்குப் பயம், பாப்பா. அது எனக்குத் தெரியும். கையை நெஞ்சு மேலயே வெச்சிருப்பார், நான் உள்ளே பாத்திரம் கீழே போட்டாக்கூடத் திடுக்கிடுவார். எனக்கு அதைப் பார்த்து இரக்கம் வந்திருக்கணும், இல்லை கோபமாவது வந்திருக்கணும். ரெண்டும் வரலை. மாத்திரை எடுத்துக் கொடுக்கறேன், உப்பில்லாம சமைக்கறேன், துணி துவைக்கறேன், உனக்குப் போன்ல நல்லாருக்கார்னு சொல்றேன், எல்லாத்தையும் என் கை செஞ்சுக்கிட்டு இருந்தது, நான் எங்கேயோ தள்ளி நின்னுக்கிட்டு இருந்தேன். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக்கடை முதலாளியம்மா போன் பண்ணி, நீங்க மெதுவா வாங்க, அதுவரைக்கும் பிரேம் பார்க்க வேற ஒரு பொண்ணை வெச்சிருக்கோம்னு சொன்னாங்க. எத்தனை வருஷம் அந்தக் கவுன்டர்ல நின்னு எத்தனை பேர் மூக்குக்கு அளவு பார்த்திருக்கேன். யாரோ பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி சரிங்கன்னு சொல்லிட்டு வெச்சேன். பல்லு வலிக்கு ஊசி போட்டா உதடு இருக்கும் ஆனா இருக்கிறது தெரியாதே, அந்த மாதிரி.

அப்பத்தான் ஒரு நாள் காலையில, நடக்க வாங்கன்னு கூப்பிட்டேன், உனக்கு அவ்வளவு ஆசையா இருந்தா நீயே போய் நடந்துட்டு வான்னார். போனேன். சண்டைக்குப் போகலை, அவர் சொன்னார் போனேன், அவ்வளவுதான். சலவைக்கடை, ஸ்கூல் மதில், முக்குல மருந்துக்கடை, அங்கே திரும்பி வீடு. மறுநாளும் போனேன். முதல்ல ஆடுசதை வலிச்சது, அப்புறம் அது பழகிடுச்சு. காலையில எந்திரிக்கிறப்ப முழங்கால்ல ஒரு சத்தம் வருமே, நீகூடக் கதவு திறக்கிற மாதிரி இருக்குன்னு கிண்டல் பண்ணுவியே, அது குறைஞ்சிருச்சு. படுத்தா தூக்கம் வந்தது. பசிச்சது. நடக்கிறது உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, அது பொய் இல்லை, உடம்பு நல்லாத்தான் ஆச்சு. உடம்பு மட்டும் தேறிக்கிட்டே வந்தது.

இப்ப சொல்ல வந்ததைச் சொல்றேன். போன மாசம் ஒரு நாள், நீ போன் பண்ணினப்ப அம்மா கடைக்குப் போயிருக்கான்னு அப்பா சொன்னாரே, அன்னிக்கு நான் கடைக்குப் போகலை. அன்னிக்கு வீட்டுல எதுவும் நடக்கலை, அதை நீ நம்பணும். சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அடுப்பை அணைச்சிட்டு, சாவியை எடுத்துக்கிட்டு எப்பவும் போல இறங்கினேன். மருந்துக்கடை வந்தது. எப்பவும் திரும்புற இடம். கால் திரும்பலை. நேராப் போச்சு, நானும் கூடப் போனேன். டயர் கடைங்க வரிசையா வந்தது, அச்சாபீஸ் வந்தது, குடோன் சுவர் ஒண்ணு முடியவே முடியாம வந்தது, பாலத்துக்கு அடியில போய் அந்தப் பக்கம் ஏறினா பஸ் டிப்போ. வெளியூர் வண்டிங்க நிக்கிற பக்கம் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது, உக்காந்தேன். ஒரு கண்டக்டர், நல்ல மனுஷன், வண்டி கிளம்பப் போகுது, வர்றீங்களாம்மான்னு கேட்டார். எங்கே போகுதுன்னு கேட்டேன். ஊர் பேரைச் சொன்னார். நான் கேள்விப்பட்ட ஊர்தான், பார்த்ததில்லை. எந்திரிச்சுப் போய்ப் படியில ஒரு கால் வெச்சிட்டேன். எத்தனை டிக்கெட்னு கேட்டார். ஒண்ணுன்னு சொன்னேன். சொல்லிட்டுக் கையைப் பார்த்தா சாவி மட்டும்தான் இருக்கு, பர்ஸ் இல்லை, போன் இல்லை. மறந்துட்டேன்னேன். பரவாயில்லைம்மா, அடுத்த வண்டியில வாங்கன்னு சொல்லி விசில் அடிச்சார். காலை எடுத்துட்டுப் பழையபடி வந்து உக்காந்தேன். பர்ஸ் இருந்திருந்தா போயிருப்பேனான்னு நீ கேட்பே. தெரியலை. போயிருப்பேன்னுதான் நினைக்கறேன்.

உங்கப்பா என்ன பண்ணியிருக்கார், நேரமாச்சேன்னு போன் போட்டிருக்கார், அது சமையல்கட்டுல அடிச்சிருக்கு. சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு, வீட்டுக்குள்ள போடுற செருப்போட மூணு மாடியும் இறங்கியிருக்கார். நெஞ்சு வலி வந்ததுல இருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் அந்தப் படியை இறங்கினதே இல்லை. சலவைக்கடையில கேட்டிருக்கார், மருந்துக்கடையில கேட்டிருக்கார், அக்கா இன்னிக்குத் திரும்பலை, நேராப் போனாங்கன்னு அந்தத் தம்பி சொல்லியிருக்கார். நேரா வந்திருக்கார். குடோன் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு, நின்னு நின்னு. பாலத்தைத் தாண்டி அவர் ஏறி வர்றதை நான் பெஞ்சுல இருந்தே பார்த்தேன். ஓடிப் போய்ப் பிடிச்சுக்கணும்னு எனக்குத் தோணலை, பாப்பா. யாரோ ஒரு வயசானவர் சிரமப்பட்டு வர்றார்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

வந்து பக்கத்துல உக்காந்தார். முதுகெல்லாம் தண்ணியா இருந்தது. மூச்சு அடங்க நேரம் பிடிச்சது. ஏன் வந்தேன்னு கேட்பார், திட்டுவார்னு இருந்தேன். வண்டி எப்பன்னு கேட்டார். அடுத்தது எப்பன்னு தெரியலைன்னேன். எங்கே போகுதுன்னார். ஊர் பேரைச் சொன்னேன். அங்கே நமக்கு யாரையும் தெரியாதேன்னார். நமக்குன்னு சொன்னார். அவ்வளவுதான் பேசினோம்.

அப்புறம் வீட்டுக்குப் போலாம்னு எந்திரிச்சோம், அவர் பாக்கெட்டைத் தடவினார், அவரும் பர்ஸ் எடுத்துக்கிட்டு வரலை. ரெண்டு பேரும் நடந்துதான் வந்தோம். எனக்கு அப்பத்தான் லேசாப் பயம் வந்தது, இவ்வளவு தூரம் இவர் தாங்குவாரான்னு. பயம் வந்ததே எனக்கு ஆச்சரியமா இருந்தது, ரொம்ப நாளைக்கப்புறம் வந்த விருந்தாளி மாதிரி. டயர் கடைக்காரர் ஒருத்தர் பார்த்துட்டு ஸ்டூல் போட்டார், தண்ணி கொடுத்தார், எங்கே ஐயா இந்த வெயில்லன்னு கேட்டார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்னு உங்கப்பா சொன்னார். வீடு வந்து சேர்ந்து, மாடிப்படியில ஒவ்வொரு மாடிக்கும் உக்காந்து உக்காந்து ஏறினோம். சாயங்காலம் நீ போன் பண்ணினே, நான் உள்ளே படுத்திருந்தேன், கடைக்குப் போயிருக்கான்னு அவரா சொல்லிட்டார்.

மறுநாள் காலையில நான் சாவியை எடுக்கிறேன், அவர் செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறார். அன்னிக்கு இருந்து தினம் வர்றார். முதல்ல சலவைக்கடை வரைக்கும், இப்ப மருந்துக்கடையைத் தாண்டிப் போறோம். ரோப் ஆயுசெல்லாம் பேசறதில்லை. எனக்கு முன்னாடி நடக்க மாட்டார், ஒரு அடி பின்னாடியே வருவார். டாக்டர்கிட்ட போனப்ப எல்லாம் பார்த்துட்டு, பிரஷர் இறங்கியிருக்கு, சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு, நெஞ்சு நல்லா வேலை செய்யுது, ஆடுசதையும் ஒரு பம்ப்தான், கீழே போன ரத்தத்தை மேலே தள்ளி விடும், நெஞ்சுக்குப் பாதி வேலை மிச்சம்னு ரொம்பச் சந்தோஷமா சொன்னார். இவ்வளவு நாள் மாட்டேன்னவர் எப்படி ஆரம்பிச்சீங்கன்னு கேட்டார். இவ போறா, நான் பின்னாடி போறேன்னு உங்கப்பா சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் கையை நீட்டுங்கம்மான்னு சொல்லி எனக்கும் பிரஷர் பார்த்தார். இவ்வளவு மாசமா அந்த ரூமுக்குப் போய் வர்றேன், என் கையை யாரும் கேட்டதில்லை. எனக்குத்தான் ஏறியிருந்தது, மாத்திரை கொடுத்தார், போன வாரம் பார்த்தப்ப இறங்கியிருந்தது. தூக்கம் எப்படி, மனசு எப்படின்னும் கேட்டார். ஒண்ணும் தெரியலை டாக்டர்னு சொன்னேன். அதையும் ஒரு நோயாத்தான் எடுத்துக்கிட்டார், பேசறதுக்குன்னு ஒரு அம்மாகிட்ட அனுப்பி வெச்சிருக்கார், வாரம் ஒரு தடவை போறேன். உங்கப்பா வெளியே பெஞ்சுல உக்காந்திருக்கார். எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். நேத்து ஸ்பேனர் மாமா வந்து ஏதோ சொன்னார், எனக்குச் சிரிப்பு வந்தது, நானா வெச்சுக்கிட்டது இல்லை. இப்போதைக்கு அவ்வளவுதான். கண்ணாடிக்கடைக்கு அடுத்த மாசத்துல இருந்து பாதி நாள் வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

நீ இதைப் படிச்சிட்டு டிக்கெட் போட்டுக்கிட்டு ஓடி வராதே. அப்பாவைப் போன்ல கேட்டும் வெச்சிடாதே, அவர் உன்கிட்ட கடைன்னு சொன்னது அப்படியே இருக்கட்டும். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கே, முதுகு வலின்னு போன வாரம்கூடச் சொன்னே. தினம் கொஞ்ச தூரம் நட, கண்ணு. குளிரா இருந்தா குல்லா போட்டுக்கிட்டு நட. ஒரு வேளை உனக்கும் என்னிக்காவது திரும்புற இடத்துல கால் திரும்பாமப் போச்சுன்னா, போ, தப்பில்லை, எங்கே போய் உக்காந்தாலும் எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணு. ஏன் போனேன்னு கேட்க மாட்டேன். எந்த ஊர்னு மட்டும் சொல்லு.

நீண்ட ஆயுசோட, நோய் நொடி இல்லாம, மனசு நிறைஞ்சு இருக்கணும் நீ. மாப்பிள்ளைக்கும் எங்க ஆசியைச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச் சத்து மாத்திரையை விட்டுடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா