முதல் தூசிக்குக் கட்டம் இல்லை

என் செல்ல மாப்ளே பழனிச்சாமிக்கு,

நேத்து மத்தியானம் மறுபடியும் வந்தே. மோகனூர் ஆத்தங்கரையில போர் போடற ரிக் வண்டிய நிறுத்திப்போட்டு, வேப்பமர நெழல்ல சித்த கண்ணசந்தேன். ஆத்து மணல்ல நீ நடந்து வர்றே. தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை வெளேர்னு கல்லுத்தூசி, பல்லு மட்டும் தெரியுது. என்ன மாப்ளே, போன எடத்துலயும் போர் போடறயான்னு கேக்கறேன். நீ தண்ணிக்குள்ள எறங்கறே. தூசி கரைஞ்சு பாலாட்ட ஓடுது, ஓடிக்கிட்டே இருக்குது, உன் மூஞ்சி மட்டும் தெரிய மாட்டேங்குது. சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து பாகு வாசம் வந்துச்சு. அதுலயே முழிப்புத் தட்டிருச்சு.

முழிச்சதும் கை தானா சட்டைப் பைக்குப் போயி சிகரெட்டத் தேடிச்சு. நீ இருந்தா, அத வெச்சுட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிங்க மச்சான்னு சொல்லுவே. இப்ப உங்கக்காதான் சொல்றா. அவ சொன்னா என் காதுல ஏறாதுன்னு உனக்குத் தெரியாததா?

ஊட்டுச் சேதி கேளு. நீ போனதுல இருந்து உங்கக்கா சரசுவுக்கு ஒரே வெசனம். ஆஸ்பத்திரியில நீ படுத்திருந்தப்ப உன் இன்சூரன்ஸ்தான் கடைசி வரைக்கும் தாங்குச்சு. அதைக் கண்ணால பார்த்தவ, நமக்கும் ஒண்ணு போட்டே ஆகோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எதுத்த தெருவு பிரியா இப்ப இன்சூரன்ஸ் போடற வேலையில இருக்குது. அந்தப் புள்ளைய ஊட்டுக்கே வரச் சொல்லிட்டா.

பிரியா போனை வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கேட்டுது. வயசு, எடை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. அப்புறம், புகைப்பழக்கம் இருக்குதுங்களா மாமான்னு கேட்டுது. நான் மோட்டுவளையப் பார்த்தேன். ஆமான்னு போட்டா வருசா வருசம் எச்சாக் கட்டோணுமாம். இல்லைன்னு போட்டுட்டு நாளைக்கு நெஞ்சு நோவுதுன்னு போயிப் படுத்தா, பொய் சொன்னதுக்குக் கம்பெனிக்காரன் கையை விரிச்சுப்போடலாமாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுக்கற பாலிசி. என் பொய்யால சரசு நட்டாத்துல நிக்கக் கூடாதில்ல. ஆனா பாதிப்பேரு இல்லைன்னுதான் போடறாங்கன்னும் அந்தப் புள்ள மெதுவாச் சொல்லுச்சு.

அடுப்படியில இருந்து உங்கக்கா வந்தா. கையில கரண்டியோட.

"ஏனுங்க, உங்க சிகரெட்டுக்கு நான் எதுக்குங்க கட்டோணும்? எம்பேருக்குத் தனியாப் போடச் சொல்லுங்க. உங்க புகைக்கு நீங்களே கட்டிக்குங்க."

எனக்குப் பொக்குனு போச்சு மாப்ளே. இத்தனை வருசம் ஒரே எலையில தின்னுட்டு இப்படிச் சொல்றாளேன்னு கோவம்கூட வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா அவ சொல்றதுல ஞாயம் இருக்குது. தீக்குச்சியக் கிழிக்கறது என் கைதானே? தாறுமாறா ஓட்டறவனோட டயர் சீக்கிரம் தேஞ்சா, அதுக்குப் பக்கத்து வண்டிக்காரனா காசு குடுப்பான்?

அப்படீன்னா உன்னுது எந்த ஞாயத்துல சேரும்னுதான் இன்னமும் எனக்குப் புரியல.

பீடி தொட்டதில்ல, பிராந்தி தொட்டதில்ல. லீவு நாள்ல நாங்கெல்லாம் குடிச்சுப்போட்டு வண்டிக்கடியில கவுந்து கெடந்தா, நீ காட்டைச் சுத்தி ஓடிக்கிட்டு இருப்பே. சாமியாருன்னு கிண்டல் பண்ணுவோம். உன் இன்சூரன்ஸ் பாரத்துல எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லைதான். அதனால உனக்குக் கொறைச்சலாப் போட்டாங்க, நீயும் பெருமையாக் காட்டினே. கடைசியில சேலத்து ஆஸ்பத்திரியில டாக்டர், எத்தனை வருசமா சிகரெட்டுன்னு கேட்டாரே, ஞாபகம் இருக்குதா? உங்கக்கா அழுகையோட, "எந்தம்பி வாயில ஒரு பாக்குகூடப் பட்டதில்லீங்க"ன்னா. அவரு உன் நெஞ்சு எக்ஸ்ரேவத் தூக்கிப் புடிச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டு, என்ன வேலைன்னு கேட்டாரு. போர் போடறவருங்கன்னு நான் சொன்னேன். அப்புறம் அவரு சிகரெட்டப் பத்திக் கேக்கவே இல்ல.

நம்ம வழக்கம் வெளியாளுக்குத் தெரியாது. தண்ணி தட்டுற வரைக்கும் கல்லு மாவாப் பறக்கும், எல்லாரும் துண்டை மூஞ்சியில கட்டிக்குவோம். மிசின் புடிக்கற டிரில்லர் மட்டும், தொளை போடற முதல் ராடு எறங்கி முடியற வரைக்கும் கட்டக் கூடாது. தேங்காய் ஒடைச்சு, சூடம் காட்டி, முதல்ல வர்ற தூசியத் திருநீறாட்ட நெத்தியில பூசிக்கிட்டு நிக்கோணும். தண்ணியா கங்கம்மா வர்ற நேரத்துல மூஞ்சிய மூடிக்கிட்டு நின்னா அவ வர மாட்டாளாம். யாரு சொன்னது? யாருக்குத் தெரியும்!

நீ அதோட நின்னயா? முதல் ராடு போயி ரெண்டாச்சு, மூணாச்சு. தண்ணி வரட்டும் மச்சான், அப்புறம் கட்டிக்கறேன்னு சொல்லுவே. தண்ணியே வராத காட்டுல பொழுதுக்கும் தொறந்த மூஞ்சியோட நின்னே. காட்டுக்காரங்க, உங்க டிரில்லருக்கு எம்புட்டு பக்தி பாருங்கன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. நானும் பெருமையாத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அதுவும் பழக்கந்தானே மாப்ளே? ஆனா அதுக்கு யாரு கட்டோணும்? என் புகை எனக்கு மட்டும். உன் தூசியில வந்த தண்ணிய எத்தனை ஊரு குடிக்குது, எத்தனை கோழிப்பண்ணை குடிக்குது. அவுங்கெல்லாம் சேர்ந்தல்ல உனக்குக் கட்டியிருக்கோணும்?

பிரியாகிட்ட ஆமான்னே போடச் சொல்லிட்டேன். ரெண்டு பேருக்கும் தனித்தனியா, சரசு கேட்டாப்பல. முடிக்கற நேரத்துல, கல்லுத்தூசின்னு ஒண்ணு சேர்த்துப் போடு கண்ணுன்னேன். அந்தப் புள்ள மேலயும் கீழயும் தள்ளிப் பார்த்துட்டு, "வேலை என்னன்னு கேக்குது, டிரைவர்னு போட்டாச்சுங்க மாமா. தூசிக்குக் கட்டம் இல்லீங்க"ன்னுது. ஓரத்துல எழுதுன்னேன். "போன்ல ஏதுங்க மாமா ஓரம்?"னு சிரிச்சுது. சரசு சிரிக்கல, எந்திரிச்சு உள்ள போயிட்டா. எழுத ஓரம் இல்லாமத்தான் இந்தக் கடுதாசிய எழுதறேன்.

வர்ற வாரம் கொண்டப்பநாயக்கன்பட்டியில மலையடிவாரத்துல ஒரு போர். புது டிரில்லர், உங்கிட்ட எடுபுடியா நின்ன வடக்கத்திக்காரர்தான், நல்ல மனுசன். நம்ம பாசை சரியா வராது, ஆனா தேங்காய் ஒடைச்சதும் துண்டை அவுக்கோணுங்கறது மட்டும் அவருக்கு வந்துருச்சு. யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டாருன்னு உனக்கே தெரியும்.

சிகரெட்ட விட்டுட்டேன்னு எழுத ஆசைதான், ஆனா செத்தவங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது. இது மட்டும் சத்தியம். அன்னைக்கு அவரு மூஞ்சியில துண்டை என் கையாலதான் கட்டுவேன். சூடம் காட்டறதுக்கு முந்தியே கட்டிருவேன், முதல் தூசிக்கும் அவுக்க உடமாட்டேன். கங்கம்மா கோவிச்சுக்கிட்டு வராமப் போனா பழி எம்மேல.

அடுத்த தடவை கனவுல வந்தா, மூஞ்சியக் கழுவிட்டு வா மாப்ளே. உன் மூஞ்சியப் பார்த்து ரொம்ப நாளாச்சு.

இப்படிக்கு,
உன் அக்கா ஊட்டுக்காரன், உன்னை ஒரு தடவைகூடத் துண்டைக் கட்டுடான்னு அதட்டாத மச்சான்,
குப்புசாமி