கூடை இல்லாமல் வந்த அக்கா

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

சிறுநீர்க் கசிவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற இடத்தில் கழிப்பறையைப் பூட்டி வைத்திருக்கிறோம். சாவி டாக்டரின் மேசையில் இருக்கிறது. வருகிற பெண்கள் அசிங்கம் பண்ணிவிடுவார்களாம். என்ன மனுஷன் இவர்.

காசிமேட்டில் மீன் விற்கும் ரீட்டா அக்காவை நான்தான் கெஞ்சி வரவழைத்தேன். மீன் வாடையோடு யாரும் வரக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அதையும் நான்தான் போய்ச் சொன்னேன். அக்கா குளித்துவிட்டு, சர்ச்சுக்குக் கட்டும் புடவையில் வந்தார். காலையிலிருந்து பெஞ்சில் காத்திருந்தார். மதியம் பெஞ்சு நனைந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் ஆயா பினாயில் ஊற்றித் தேய்த்தார். டாக்டர் எட்டிப் பார்த்து, "கொஞ்ச நேரம் அடக்க முடியாதா?" என்றார்.

"முடியாதவங்களைத்தானே சார் வரச் சொன்னோம்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவை உதைத்திருக்க வேண்டும்.

அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். என்னைத் திட்டியிருந்தாலாவது தூக்கம் வந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்.

"தலைல கூடை இருந்தா, மீன் தண்ணி ஒழுவிச்சின்னு சொல்லிக்குவேம்மா. இத்தினி வருசமா அப்டித்தான் ஓட்டிகினு கீறேன். நீதான் கூடைய வூட்ல வெச்சிட்டு வரச் சொன்ன."