இடது பக்கம் மட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு, ஆக்னஸ் எழுதுவது. நான் நலம். உங்கள் தொண்டைக்கட்டு சரியானதா? நீங்கள் மறைத்தாலும் ஸ்டெல்லா அக்கா சொல்லிவிட்டாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று மொட்டைமாடியில் நின்று கத்திப் பேசினீர்களாம். போனில் சொல்ல முகமில்லாமல்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு, "வாயத் தொறந்து பேசுங்கம்மா, ஒண்ணும் கேக்கல" என்று உங்களிடம் எரிந்து விழுந்தேன். சமைத்துக்கொண்டே பேசியதால் பழைய ஹெட்போனின் இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்திருந்தேன். என் காதுதான் மந்தமாகிவிட்டதோ என்று நான் புலம்பியதும், குகட்பள்ளி அறையில் என்னோடு இருக்கும் நஸ்ரின், அதை என் தலையில் இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டாள். இப்போது வலது காதில் சத்தம் குறைந்தது. "உன் காது நல்லாத்தான் இருக்கு, கோளாறு ஹெட்போன்லதான்" என்று சொல்லி, இடது பக்க உறையைக் கழற்றினாள். உள்ளே வலை முழுக்கப் பிசுக்கு, நல்லெண்ணெய் வாசனை.

இடது காதில் குடைச்சல் என்று நான் சொன்னதற்கு, முந்தின நாள் சனிக்கிழமை நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொன்னீர்கள். பிறகு துடைத்துப் பஞ்சு வைக்கவும் சொன்னீர்கள். நான்தான் சோம்பல்பட்டு அப்படியே ஹெட்போனை மாட்டினேன். நஸ்ரின் பழைய பிரஷ்ஷால் தேய்த்ததும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கேட்டது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அக்கா வரும்போது கொஞ்சம் பஞ்சும் நஸ்ரினுக்கு அதிரசமும் கொடுத்தனுப்புங்கள். அக்காவை இரண்டு நாளாவது தங்கச் சொல்லுங்கள்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. இந்த ஞாயிறு மாடி ஏற வேண்டாம், அம்மா. அடுப்படியிலேயே உட்கார்ந்து, அப்பாவின் தூக்கம் கலையாதபடி பேசுங்கள். எனக்குக் கேட்கும்.

ஆக்னஸ்