சிவப்பு மையில் அடித்த வரி

பழங்காநத்தம், மதுரை
ஜூலை 20

அன்பு மகள் ஜெஸிக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதா துணையில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே டப்ளினில் சுகமாக இருக்க வேண்டும். 'மாப்பிள்ளை' என்று எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்திருக்கிறது.

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்த இடமில்லை என்று நர்ஸ் அலுத்துக்கொள்கிறாள். கிறிஸ்துமஸுக்குள் தேறிவிடுவார்கள் என்று முன்பெல்லாம் சொல்லும் டாக்டர், இப்போது கிறிஸ்துமஸ் பேச்சையே எடுப்பதில்லை.

ஜூன் கடைசியில் உன் சிநேகிதி ஆன்மேரி வண்டியூரிலிருந்து பள்ளி ஆபீசுக்கே வந்தாள். நீ மே மாதம் என் பள்ளி ஆபீஸ் மெயிலுக்கு இரண்டு கடிதம் போட்டாயாம். குழந்தைக்கு நம் பங்குக் கோவிலில் ஞானஸ்நானம் கொடுக்க வரலாமா என்று கேட்டாயாம். இரண்டும் திரும்பி வந்துவிட்டனவாம். “அங்கிள், 'என் லெட்டர வாங்கக் கூடாதுன்னு அப்பா மெயிலையே மூடிட்டாரு'ன்னு அம்புட்டு அழுதா” என்றாள். அங்கேயே ஞானஸ்நானம் முடிந்துவிட்டது என்றும் சொன்னாள்.

நான் மூடவில்லை, ஜெஸி. ஆனால் செய்தது நான்தான். கேள்.

பள்ளியின் நூற்றாண்டுக்குப் புது இணையதளம் போட்டார்கள். பள்ளியின் பெயருக்கு இன்டர்நெட்டில் ஒரு பட்டியல் உண்டு. தளம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று ஒரு வரி, மெயிலை எந்தக் கணினியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி, நம் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று ஒரு வரி. கம்ப்யூட்டர் வாத்தியார் ஜூடு அதை அச்செடுத்து என் மேஜையில் வைத்தார். பள்ளிப் பதிவேட்டில் ஆள் மாறினால் பழைய பெயரைச் சிவப்பு மையில் அடித்துக் கையெழுத்துப் போடுவது என் முப்பது வருடப் பழக்கம். முன்பு தளத்தைப் பார்த்துக்கொண்ட பழைய கம்பெனியின் பெயர் இருந்த வரியெல்லாம் அடித்தேன். ஜூடு தயங்கினார். “சார், இது மெயில் வர்ற வரி மாதிரி இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்” என்றார். “இந்த ஆசீர்வாதம் அடிச்சா அடிச்சதுதான், நீங்க சொன்னதைச் செய்யுங்க” என்றேன். புத்தி கெட்டவன்.

தளம் அழகாக வந்தது. எல்லாரும் கைகுலுக்கினார்கள். மே மாதம் முழுக்க ஒரு மெயிலும் வரவில்லை. லீவுதானே என்று நிம்மதியாக இருந்தேன். ஜூனில் பள்ளி திறந்த அலைச்சலில் கவனிக்கவில்லை. மெயில் வரி இல்லாவிட்டால் கடிதம் தளம் இருக்கும் கணினிக்கே போய்விடுமாம். அங்கே வாங்க ஆளில்லை. சில நாள் முட்டிப் பார்த்துவிட்டு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். “போன் பண்ணாத, சொல்றதை ஆபீஸ் மெயில்ல எழுது” என்று உன்னை விரட்டியவன் நான். நீ என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுதினாய்.

ஆன்மேரி வந்து போன அன்றே ஜூடு மெயில் வரியைத் திரும்பப் போட்டார். உனக்கு மெயிலில் ஆறு கடிதம் அனுப்பினேன். அனுமதி வரியையும் நான் அடித்துவிட்டது போன வாரம்தான் தெரிந்தது. அந்த வரி இல்லாத கடிதத்தைப் போலி என்று ஸ்பாமில் தள்ளிவிடுவார்களாம், ஒரு மாதத்தில் அதுவும் அழிந்துவிடுமாம். ஆறும் அங்கேதான் கிடக்கும். சரிசெய்த பிறகு போட்டதற்கும் பதில் இல்லை. ஆன்மேரி கொடுத்த நம்பரில் மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. உன்மேல் குற்றமில்லை.

அதனால்தான் இந்தத் தபால். இந்த விலாசமும் பழசு, வீடு மாறிவிட்டாய் என்று ஆன்மேரி சொன்னாள். புதுசைத் தரக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாயாம். இதுவும் திரும்பி வரும் என்றே நினைக்கிறேன்.

அம்மா தினமும் ஒரே கேள்வி கேட்கிறாள். “ஜெஸிகிட்ட இருந்து எதுவும் வந்துச்சா?” வரவில்லை என்கிறேன். அது பொய்யில்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது. தான் அம்மாச்சி ஆனது அவளுக்குத் தெரியாது. சொன்னால் நான் அடித்த வரியையும் சொல்ல வேண்டும். பிள்ளை ஆணா பெண்ணா என்று ஆன்மேரியிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

என்னை மன்னிக்க வேண்டாம். அம்மாவுக்கு ஒரு தடவை போன் போடு, போதும். பிள்ளை தூங்கும்போது என் பெயரைச் சொல்லாமல் அதன் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுவிடு.

பெயர் தெரியாத பேரப்பிள்ளைக்கு ஆசி கூறும்,
உன் அப்பா
ஆசீர்வாதம்