பாலம் வந்தால் கட்சி மாற வேண்டும்

இன்று காலை ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் புதுத்தண்ணீர் வாசனை ஜன்னல் வழியே வந்தது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி போனில் மூழ்கியிருந்தாள். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது டீச்சர். "பாலம் வந்துடுச்சு, மாறுங்க" என்ற குரலுக்கு என் காது இன்னும் காத்திருக்கிறது.

நீங்கள் கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்தியவர். நான் தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஸ்ரீரங்கத்தில் ஒன்றாக ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வரை பல வருஷம் வாயடித்தோம். உங்கள் சட்டம் ஒன்றுதான்: பாலம் வரைக்கும் எதை ஆதரித்தோமோ, பாலம் வந்ததும் அதை எதிர்த்துப் பேச வேண்டும்.

அறிந்தவர் ஆள வேண்டுமா, எல்லோருமா என்று பழைய கிரேக்கர்களின் கேள்வியை ஒருநாள் எடுத்தீர்கள். "இதுல என்ன சந்தேகம்? பஸ்ஸை டிரைவர்தான் ஓட்டணும். நம்மகிட்ட ஓட்டுக் கேட்டா வண்டி ஆத்துலதான் நிக்கும்" என்றேன். உடனே பாலம் வந்துவிட்டது. திருதிருவென்று விழித்து, "ஓட்டுறது அவருக்குத் தெரியும். எங்க இறங்கணும்னு எனக்குத்தானே தெரியும்?" என்றேன். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல அடிச்சுக்கறாங்க. நீங்க சத்திரம் வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்களே" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். ஒரு வாரம் ஆபீசில் என்னைப் பிடிக்க முடியவில்லை.

இப்போது எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நான் செயலாளர். சிரிக்காதீர்கள். பழைய லிப்ட் அடிக்கடி நின்றுபோகிறது என்று, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் படியில்தான் ஏற வேண்டும் எனத் தீர்மானம் எழுதியதே நான்தான். போன சனிக்கிழமை அதை நகல் எடுக்க டவுனுக்குப் போனேன். பாலம் வந்தது. வேறு வழியில்லாமல் மாறினேன். நாலாவது மாடியில் வேலை செய்யும் வசந்தாவின் வீங்கிய முழங்கால் கண்முன் வந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாள் கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்தேன். வாசித்த கையோடு அதை எதிர்த்துப் பேசினேன். வசந்தாவையும் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன்.

"நாங்க ஏறுறதால நிக்கலைங்க. கம்பிக் கதவைச் சரியா மூடாம போயிடுறாங்க, அதான் நிக்குது. தினம் படியேறிப் போய் நான்தான் மூடிட்டு வரேன்."

கதவை மூடாதவர்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். கை தூக்கச் சொன்னபோது என் தீர்மானத்துக்கு ஒரு கைகூட எழவில்லை. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

பொருளாளருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "மேடம், நீங்க எந்தக் கட்சிங்க?" என்றார்.

"பாலம் வரைக்கும் உங்க கட்சிதான் சார்" என்றேன்.

ஒருவருக்கும் புரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சத்திரம் வரை சிரித்திருப்பீர்கள்.