சுவாமி வாசிக்க வேண்டிய பெயர்கள்

7.11.2009, சனிக்கிழமை, மொன்றியல்

கத்தோலிக்கருக்கு இது இறந்த ஆன்மாக்களின் மாதம். செத்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் நாளை ஞாயிறு, கோயில் பூசையில் பங்குச் சுவாமி வாசிப்பார். வன்னிச் சண்டையில் செத்த என் மகன் யூட்டின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தபடி மகள் பழைய அமெரிக்கச் சரித்திரம் படித்தாள்.

“அம்மா, மேரிலாண்டில கத்தோலிக்கச் சுவாமிமாரே அடிமைகள் வைச்சிருந்தவை. ஞானஸ்நானமும் குடுத்து, பேந்து வித்தும் இருக்கினம்.”

“விசர்க் கதை கதையாதை. சுவாமிமார் அப்பிடிச் செய்வினமே?”

“புத்தகத்தில கிடக்கு, வாசிக்கட்டே? தாய் ஒரு இடம், பிள்ளை ஒரு இடமா வித்திருக்கினம்.”

எழுதுவதை நிறுத்தினேன். யூட்டின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் வார்த்தவரும் ஒரு சுவாமிதான். அந்தப் பிள்ளைகளுக்கும் அதே தண்ணீர்தானே. வார்த்த கையால் விற்க எப்படி மனம் வந்தது?

நாளை கோயிலே வேண்டாம் என்று துண்டை மடித்தேன். பிறகு, யூட் என்ன பிழை செய்தான் என்று திரும்ப விரித்தேன். அவன் பெயருக்குக் கீழே, ‘மேரிலாண்டில் சுவாமிமார் விற்ற பிள்ளைகள், அவர்களின் தாய்மார்’ என்று எழுதினேன். அவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. சுவாமி பீடத்தில் நின்று அதையும் சத்தமாக வாசிக்கட்டும்.