ஒரு மணி வட்டமும் தனி மேசையும்

அனுப்புநர்:
கே. பூங்காவனம்,
தையல் பிரிவு, ஷூ கம்பெனி (பெயரைத் தாங்கள் அறிவீர்கள்),
புறவழிச் சாலை, ஆம்பூர்.

பெறுநர்:
தொழிலாளர் உணவு நலத் திட்ட அலுவலர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: சர்க்கரை நோயுள்ள தொழிலாளர்களுக்கு மதிய வேளையில் போடப்பட்டுள்ள தனி மேசையை எடுத்துவிட்டு, சேர்ந்து உண்பவர்களுக்கு ஏற்ற உணவு முறையை வகுத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான், லில்லி, மேகலா, அஃப்ஸர் ஜஹான் ஆகிய நால்வரும் மேற்படி கம்பெனியில் அடுத்தடுத்த மெஷின்களில் பல வருடங்களாக ஷூவின் மேல்பாகம் தைத்து வருகிறோம். ஒரு மணிக்குப் பெல் அடித்ததும் மெஷின்கள் நின்றுவிடும். சத்தம் மட்டும் காதுக்குள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தோடு நடந்துபோய்ப் புங்க மரத்தடியில் வட்டமாக உட்காருவோம். கையில் தோல் வாடை இருக்கும். டப்பாக்களைத் திறந்ததும் அது எங்கே போனது என்று தெரியாது. சாப்பிட்ட பிறகு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணை மூடுவோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் வறண்ட பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைக்கூட நான் கனவில் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் புகார் மனுவில் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். புகாரே இதைப் பற்றித்தான், ஐயா.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு டப்பாக்களையும் நடுவில் வைத்துவிடுவோம். அவரவர் கொண்டுவந்தது மற்ற மூவருக்கு. தன் டப்பாவில் தானே கை வைப்பது அழகில்லை. நோன்பு மாதத்தில் அஃப்ஸர் ஜஹான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அப்போதும் எங்களோடு வந்து உட்கார்ந்து, யார் டப்பாவில் உப்பு ஜாஸ்தி என்று வாசனையிலேயே சொல்லிக் கிண்டல் செய்வார்.

கடந்த சித்திரையில் தங்கள் அலுவலகம் நடத்திய மருத்துவ முகாமில் அவருக்குச் சர்க்கரை அதிகம் என்றும், இதயமும் பலவீனமாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். உணவு ஆலோசகர் அம்மா பொறுமையாகவே விளக்கினார். சோற்றைக் குறைக்க வேண்டும். சப்பாத்தி, சுண்டல், கீரை, வெள்ளரிக்காய் கொண்டுவர வேண்டும். அவரும் மறுநாளிலிருந்தே தவறாமல் கொண்டுவந்தார். அதை நாங்கள் மூவரும் தவறாமல் சாப்பிட்டோம். அவர் லில்லியின் எலுமிச்சை சாதத்தையும், மேகலாவின் உருளைக்கிழங்கு வறுவலையும், என் புளிக்குழம்புச் சோற்றையும் சாப்பிட்டார். எங்கள் நால்வரில் ஒருவருக்கும் இதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. டப்பாதான் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டோம்.

ஆடி மாத முகாமில் அஃப்ஸர் ஜஹானுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. சித்திரையில் நோயின் வாசலில் நிற்பதாகச் சொல்லப்பட்ட லில்லிக்கோ சர்க்கரை இறங்கியிருந்தது. ஆலோசகர் அம்மா, அஃப்ஸர் ஜஹான் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, ஐயா. என்ன கொண்டுவருகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு தங்கள் உத்தரவுப்படி கை கழுவும் குழாய் ஓரமாக ஒரு மேசை போடப்பட்டது. மேலே 'சர்க்கரை நோயாளிகள்' என்று பலகை. மேசையில் ஓட்ஸ் கஞ்சி. தங்கள் நோக்கம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதையும் மரியாதையுடனே தெரிவித்துக்கொள்கிறேன்.

அஃப்ஸர் ஜஹான் அந்த மேசைக்கும் போகவில்லை, எங்களிடமும் வரவில்லை. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, மதியம் வெறும் வயிற்றோடு மெஷினிலேயே இருந்தார். போன மாதம் ஒரு மத்தியானம் அப்படியே மெஷின் மேல் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, பெடலில் கால் இல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து, கண் விழித்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அப்போது அவர் என்னைக் கேட்டது இது ஒன்றுதான்: "பூங்கா, நான் இன்னா தொத்து வியாதிக்காரியா, தனியா உக்காந்து துன்றதுக்கு?"

அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. அவர் கணவர் ஆபித் பாஷா கம்பெனி வாசலுக்கு வந்து எங்களிடம் வருத்தப்பட்டார். அஃப்ஸர் ஜஹான் மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம். மத்தியானத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர், சரியாக ஒரு மணிக்கு எழுந்து, டப்பா திறந்திருப்பார்களா என்று கேட்கிறாராம். இப்படியே விட்டால் அவர் எங்களுக்கு இல்லாமல் போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.

இப்போது நாங்கள் மூவரும் டப்பாவை மாற்றிவிட்டோம். லில்லி சாமைச் சோறு கொண்டுவருகிறார். மேகலா முருங்கைக்கீரைப் பொரியலும் சுண்டலும். நான் எண்ணெயைக் குறைத்து, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் அதே கத்திரிக்காயைச் சமைக்கிறேன். பிரியாணியே கூடாது என்றால் ஆம்பூரில் ஒருவரும் தங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமையில் ஆளுக்கு ஒரு கைப்பிடி, மீதி வயிற்றுக்குக் காய்கறி என்றால் கேட்போம். இனி அஃப்ஸர் ஜஹான் யார் டப்பாவில் கை வைத்தாலும் அவருக்கு ஆகாதது எதுவும் கிடைக்காது.

சென்ற வாரம் புங்க மரத்தடியில் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு கண்டேன். பாலாற்று மணலில் நீளமாக வெள்ளைத் துணி விரித்திருந்தது. வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாங்களும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். எந்த இடத்திலும் பலகை இல்லை. அஃப்ஸர் அக்கா தங்களுக்குக் கீரை வைத்துக்கொண்டிருந்தார்.

தனி மேசையை எடுக்கத் தங்கள் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும் என்கிறார் மேலாளர். எனவே மேசையையும் பலகையையும் அகற்ற உத்தரவிடுமாறும், நோயாளி ஒருவருக்கு என்றில்லாமல் வட்டம் முழுமைக்கும், எங்கள் வீட்டுப் பானையில் இருப்பதைக் கேட்டறிந்து உணவு முறை வகுத்துத் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். உத்தரவு வந்த அன்றே அவரை அழைத்து வருகிறேன். மாத்திரை போட வைப்பதும் என் பொறுப்பு.

தாங்களும் ஒருநாள் ஒரு மணிக்கு நேரில் வர வேண்டும். வரும்போது டப்பா கொண்டுவாருங்கள். அதில் இருப்பது தங்களுக்குக் கிடைக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) கே. பூங்காவனம்
(ஒப்பம்) லில்லி
(ஒப்பம்) மேகலா
(                    ) அஃப்ஸர் ஜஹான் – மரத்தடியிலும் இவர் இடத்தை இப்படித்தான் விட்டு உட்காருகிறோம்.

இடம்: ஆம்பூர்
நாள்: 15.09.2025